ஃபுல் ஸ்டாக் கோர்ஸா, அடிப்படை முதல்லயா, வேலைல சேந்துட்டு படிக்கிறதா? மதுரைல இருந்து முடிவெடுக்குறவங்களுக்கு

காலேஜ் முடிச்சு ரிசல்ட்டுக்கு காத்திருக்குற புள்ளைங்க, முடிச்சு ஒரு வருஷமா வீட்டுல இருக்குறவங்க, மெக்கானிக்கல் சிவில் படிச்சுட்டு ஐடி பக்கம் வரணும்னு நினைக்கிற தம்பிங்க, எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். "அக்கா, ஒரு சென்டர்ல ஆறு மாசம் ஃபுல் ஸ்டாக் கோர்ஸ்னு (வெப்சைட்டோட ஸ்கிரீன் பக்கம், சர்வர் பக்கம் ரெண்டையும் சேத்து சொல்லி தர்றது) சொல்றாங்க, சேந்துரவா, இல்ல சி மொழி, டேட்டா ஸ்ட்ரக்சர் (தகவலை அடுக்கி வைக்கிற விதம்)னு அடிப்படையை ஒழுங்கா படிச்சுட்டு வரவா?" இது போக மூணாவதா ஒரு வழி இருக்கு, கெடைக்குற வேலைல மொதல்ல சேந்துக்கிட்டு அங்க இருந்துக்கிட்டே படிக்கிறது. மூணு வழிலயும் போனவங்களோட உக்காந்து வேலை பாத்துருக்கேன், ஃபிரெஷர்ஸை இன்டர்வியூ எடுக்குறதும் என் வேலைல ஒரு பகுதி, அதனால கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

என் முடிவை முன்னாடியே சொல்லிடுறேன். அடிப்படை படிக்கணுமா வேணாமாங்குறது கேள்வியே இல்ல, சாஃப்ட்வேர்ல பத்து வருஷம் இருக்கணும்னா அது கட்டாயம் வேணும். எப்ப படிக்கிறது, எவ்வளவு படிக்கிறதுங்குறதுதான் ஒவ்வொருத்தர் நெலமைக்கும் மாறும். இன்னொண்ணு, நீங்க நெனச்சு பயப்படுற அளவுக்கு அந்த லிஸ்ட் பெருசு இல்ல.

## எதை வச்சு முடிவு பண்றது

மொதல்ல வீடு எத்தன மாசம் தாங்கும்னு பாருங்க. இதை யாரும் வாய் விட்டு பேசுறது இல்ல, ஆனா எல்லா முடிவும் இதுலதான் வந்து நிக்குது. அப்பா ரிட்டயர் ஆகப்போறாரு, தங்கச்சி காலேஜ் பீஸ் கட்டணும்னா உங்க கைல இருக்குறது மூணு மாசம்தான், பன்னெண்டு மாசம் இல்ல.

ரெண்டாவது, கைல இருந்து போற காசு. பீஸ் மட்டும் இல்ல, பஸ், சாப்பாடு, லேப்டாப், சம்பாதிக்காம இருக்குற மாசங்கள், எல்லாம் சேத்து.

மூணாவது, இன்டர்வியூல எது வரைக்கும் கொண்டு போய் விடும். நாலாவது, வேலைல ஒரு பிரச்சன வந்தா ஏன் வந்துச்சுன்னு உங்களால தேடி கண்டுபிடிக்க முடியுமா. அஞ்சாவது, இப்ப படிக்கிறது அஞ்சு வருஷம் கழிச்சும் செல்லுபடியாகுமா. கோர்ஸ் நோட்டீஸ்ல இந்த கடைசி ரெண்டு மட்டும் இருக்கவே இருக்காது, அதனாலதான் இங்க அதுக்கு அதிக இடம் குடுக்குறேன்.

## அடிப்படைன்னா எது

அடிப்படைன்னதும் நெறைய பேருக்கு ஞாபகம் வர்றது செமஸ்டர்ல மனப்பாடம் பண்ணுன பதினாறு மார்க் கேள்விதான். நான் சொல்றது வேற. ஒரு மொழிய (பைத்தான், ஜாவா, சி, எதுவா இருந்தாலும் சரி) பாக்காம எழுதுற அளவுக்கு தெரிஞ்சிருக்கணும். அர்ரே, லிங்க்டு லிஸ்ட், ஸ்டாக், க்யூ, ஹாஷ் டேபிள், ட்ரீ இதுல எதை எங்க போடணும்னு தெரியணும், தேடுறது வரிசைப்படுத்துறது தெரியணும், டேட்டா பெருகுனா ஒரு கோடு (நீங்க எழுதுற ப்ரோக்ராம்) எத்தன மடங்கு வேலை பாக்கும்னு கணக்கு போட தெரியணும். டேட்டாபேஸ்ல டேபிளை பிரிக்கிறது, ஜாயின் (ரெண்டு டேபிளை சேத்து எடுக்குறது), இண்டெக்ஸ் (வேகமா தேட உதவுற அட்டவணை), ட்ரான்சாக்‌ஷன். பிரவுசர்ல அட்ரஸ் அடிச்சு என்டர் தட்டுனா சர்வர் வரைக்கும் என்ன நடக்குதுங்குற நெட்வொர்க் விஷயம். எழுத்தும் எண்ணும் கம்ப்யூட்டருக்குள்ள எப்படி உக்காந்திருக்குங்குறது. அப்பறம் கிட் (Git, கோடுல என்னென்ன மாத்துனோம்னு பதிஞ்சு வைக்கிற கருவி). இவ்வளவுதான், தெனம் ரெண்டு மணி நேரம் உக்காந்தா ஏழெட்டு மாசத்துல ஓரளவுக்கு கைக்கு வந்துரும்.

இது வேலைல எப்படி உதவும்னு கேப்பீங்க. மாசி வீதில ஒரு மொத்த வியாபார ஜவுளிக்கடை பழைய பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து புதுசுக்கு மாறுதுன்னு வச்சுக்கங்க. பழசுல பத்தாயிரம் கஸ்டமர், புதுசுல பத்தாயிரம், எது எது ஒரே ஆளுன்னு பொருத்தி பாக்கணும். புதுசா வந்த தம்பி ஒரு லூப்புக்குள்ள இன்னொரு லூப் போட்டு எழுதுறாரு, அவரு லேப்டாப்ல நூறு பேரை வச்சு டெஸ்ட் பண்றாரு, பத்தாயிரம் ஒப்பீடு, கண்ணு மூடி தொறக்குறதுக்குள்ள முடிஞ்சுருது. கடைல போய் ஓட்டுனா பத்தாயிரத்தை பத்தாயிரத்தால பெருக்கி 10 கோடி ஒப்பீடு, ஸ்கிரீன் அப்படியே நிக்குது, கடைக்காரரு போன் மேல போன் போடுறாரு. ஒரு பக்கத்து பேரை எல்லாம் மொபைல் நம்பரை சாவியா வச்சு ஹாஷ் டேபிள்ல (சாவிய குடுத்தா நேரா அந்த பதிவை எடுத்து குடுக்குற அமைப்பு) போட்டுட்டு இன்னொரு பக்கத்தை ஒவ்வொண்ணா தேடுனா மொத்தம் சுமார் இருபதாயிரம் வேலைதான். மாத்த வேண்டியது நாலஞ்சு வரி. ஹாஷ் டேபிள்னு ஒண்ணு இருக்குங்குறது தெரியாதவரு அந்த நாலு வரிக்கு பதிலா "சர்வரை பெருசாக்குங்க சார்"னு சொல்லுவாரு, அந்த காசு மாசா மாசம் போய்க்கிட்டே இருக்கும்.

இன்னொண்ணு நம்ம தமிழ்லயே பாக்கலாம். பைத்தான்ல "மதுரை"ங்குற வார்த்தையோட நீளம் எவ்வளவுன்னு கேளுங்க, கண்ணுக்கு மூணு எழுத்து, ஆனா 5னு சொல்லும், ஏன்னா யூனிகோடுல (எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்குற பொது முறை) ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறின்னு அஞ்சு துண்டா இருக்கு. அதை யூடிஎஃப்-8ங்குற (யூனிகோடை பைட்டா மாத்துற) முறைல சேமிச்சா ஒவ்வொரு துண்டுக்கும் மூணு பைட்டு, மொத்தம் 15. அதே வார்த்தைய திருப்பி போடுன்னு கோடு எழுதுனா ஐகாரக் கொம்பு முன்னாடி தனியா தொங்கும், உகரம் ரகரத்தோட போய் ஒட்டிக்கிட்டு "ரு" ஆயிரும், த மொட்டையா நிக்கும். இதெல்லாம் விளையாட்டு இல்ல. கடைக்காரரு தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்ப சொன்னா ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து கெடைக்காது, 70தான், அதுவும் இந்த துண்டு கணக்குலதான். அதுக்கு மேல போனா ரெண்டு மெசேஜ் காசு. இது தெரிஞ்ச புள்ள மொதல்லயே கஸ்டமர்கிட்ட சொல்லிரும், தெரியாத புள்ள பில்லு வந்தப்பறம் முழிக்கும்.

காசு கணக்கும் அப்படித்தான். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டுனா நெறைய மொழில 0.30000000000000004னு வரும், அது பக் இல்ல, பைனரில அந்த எண்ணை முழுசா எழுத முடியாது, அவ்வளவுதான். பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுறவங்க காசை பைசாவாவோ டெசிமல் டைப்லயோ வைக்கணும்னு தெரியணும்னா இந்த காரணம் தெரியணும்.

## வழி 1: ஆறு மாச ஃபுல் ஸ்டாக் கோர்ஸ்

நல்லதை மொதல்ல சொல்றேன். தெனம் காலைல குளிச்சு கெளம்பி ஒரு எடத்துக்கு போகணும்ங்குற கட்டாயம் இருக்கு பாருங்க, அதுவே பெரிய விஷயம். கூட நாலு பேரு படிக்கிறாங்க, கேள்வி கேக்க ஆளு இருக்கு, கடைசில காட்டுறதுக்கு ஒரு ப்ராஜெக்ட் இருக்கு. காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒழுங்கா படிச்சவங்களுக்கு, அதாவது மேல சொன்ன லிஸ்ட்ல பாதிக்கு மேல ஏற்கனவே தெரிஞ்சவங்களுக்கு, இது நல்ல வழி. அவங்க ஒரு ஃபிரேம்வொர்க்கை (ரியாக்ட் மாதிரி ரெடிமேடா இருக்குற கோடு தொகுப்பு) வேகமா புடிச்சுக்கிட்டு வெளிய வந்துருவாங்க.

மறைஞ்சிருக்குற செலவுன்னு பாத்தா, போன்ல சொல்ற பீஸ் வேற, கட்டுற பீஸ் வேற, பெரும்பாலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியா வரும். தவணைல கட்டலாம்னு சொன்னா அது யாரு குடுக்குற தவணைன்னு பாருங்க, சில எடத்துல அது ஒரு பைனான்ஸ் கம்பெனி லோனா இருக்கும், நீங்க பாதில நின்னாலும் இஎம்ஐ நிக்காது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம்னு வெளிய இருந்து வர்றவங்களுக்கு பஸ்ஸுலயே தெனம் ரெண்டு மூணு மணி நேரம் போயிரும், அந்த நேரம் படிக்கிற நேரத்துல இருந்துதான் போகுது.

இதைவிட பெரிய மறைமுக செலவு பாடத்துலயே இருக்கு. ஆறு மாசத்துல எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட் (ஸ்கிரீன்ல தெரியுற பக்கத்தை கட்டுறது), நோடு (சர்வர் பக்கம்), மாங்கோடிபி (டேட்டாபேஸ்), டிப்ளாய்மென்ட் (வெளிய ஏத்தி ஓட விடுறது) எல்லாம் முடிக்கணும்னா ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு கெடைக்குறது மூணு வாரமோ நாலு வாரமோதான். ரியாக்ட்ல டைமர் ஒண்ணு போட்டு நொடிக்கு ஒரு தடவ எண்ணிக்கைய ஏத்துன்னு எழுதுறாங்க, ஸ்கிரீன்ல 1 வந்து அப்படியே நிக்குது. ஏன் நிக்குதுன்னா, டைமருக்குள்ள இருக்குற ஃபங்ஷன் மொத தடவ பாத்த மதிப்பான பூஜ்யத்தையே புடிச்சு வச்சுருக்கு, அதுல ஒண்ணை கூட்டிக்கிட்டே இருக்கு. இதுக்கு பேரு க்ளோஷர், இது ரியாக்ட் பாடம் இல்ல, மொழியோட அடிப்படை. இந்த மாதிரி எடத்துல கோர்ஸ் மட்டும் படிச்சவங்க ரெண்டு நாள் மாட்டிக்கிட்டு நிக்கிறதையும், அடிப்படை தெரிஞ்சவங்க டீ வர்றதுக்குள்ள சரி பண்றதையும் பாத்துருக்கேன்.

அப்பறம் அஞ்சு வருஷ கணக்கு. ரியாக்ட் மாதிரியே வெப் பக்கம் கட்டுற ஆங்குலர்ஜேஎஸ் 2010ல வந்து ஒரு காலத்துல எல்லா வேலை விளம்பரத்துலயும் இருந்துச்சு, 2021 டிசம்பரோட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுருச்சு. வெப்ல அனிமேஷன், கேம் ஓட்டுன ஃப்ளாஷ் 2020 முடிவோட போயிருச்சு. ரியாக்ட் 2013ல வந்து இன்னும் நல்லாத்தான் இருக்கு, ஆனா 2019ல ஹூக்ஸ்ங்குற புது வசதி வந்தப்பறம் எழுதுற விதமே மாறிருச்சு. ரிலேஷனல் டேட்டாபேஸ் (தகவலை டேபிள் டேபிளா வைக்கிறது) யோசனை 1970ல எட்கர் காட் எழுதுனது, சி 1970கள் ஆரம்பத்துல வந்தது, டைக்ஸ்ட்ராவோட வழி தேடுற அல்காரிதம் 1959ல வெளிவந்தது, இது மூணும் இன்னைக்கும் அப்படியே ஓடுது. உங்க நேரத்தை எங்க போடுறதுன்னு யோசிக்கும்போது இந்த தேதிகளை பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க.

## வழி 2: அடிப்படை முதல்ல, சொந்தமா

காசு கணக்குல இது ரொம்ப மலிவு. என்பிடெல்ங்குற (NPTEL) ஆன்லைன் பாட தளத்துல ஐஐடி, சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் மாதிரி எடத்து ஆசிரியர்கள் பாடத்தை இலவசமா பாக்கலாம், பரீட்சை எழுதி சர்டிபிகேட் வேணும்னா மட்டும்தான் கட்டணம். பைத்தான்ல ஆரம்பிக்கிறவங்களுக்கு மாதவன் முகுந்த் நடத்துற டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் பாடத்தை நான் தயங்காம சொல்லுவேன், அவசரமே இல்லாம ஒவ்வொண்ணா சொல்லிட்டு போவாரு. ஹார்வர்டோட சிஎஸ்50யும் இலவசம்தான், அது ஸ்க்ராட்ச்ங்குற கட்டம் கட்டமா அடுக்குற மொழில ஆரம்பிச்சு சி, பைத்தான், எஸ்க்யூஎல்னு (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்குற மொழி) போகும். வீட்டுல உக்காந்து படிக்க முடியலன்னா புது நத்தம் ரோட்டுல 2023 ஜூலைல தெறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு. வீட்டுல டிவி சத்தத்துல ஒரு மணி நேரம் படிக்கிறதுக்கும் அங்க ஒரு மணி நேரம் படிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியும்.

இன்டர்வியூ பக்கம் பாத்தா, இந்த வழில போனவங்களுக்கு எழுத்து தேர்வு சுலபமா இருக்கும். ஜோஹோ மாதிரி சாஃப்ட்வேர் கம்பெனிகள்ல டிகிரிய விட ப்ரோக்ராம் எழுத தெரியுதாங்குறதுதான் பாப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எங்கள மாதிரி சின்ன கம்பெனிலயும் நான் கேக்குறது, "இந்த லிஸ்ட்ல ரெண்டு தடவ வர்ற நம்பரை கண்டுபிடிங்க, பத்து லட்சம் நம்பர் இருந்தா என்ன பண்ணுவீங்க?"தான். ரெண்டாவது பாதிக்கு யோசிச்சு பேசுற புள்ளைங்களுக்கு ரியாக்ட் தெரியலன்னாலும் நான் எடுத்துக்குவேன், ஒரு மாசத்துல சொல்லி குடுத்துரலாம்.

இதுல மறைஞ்சிருக்குற செலவு காசுல இல்ல. கேக்க ஆளு இல்லாததுதான் மொத செலவு. மூணாவது வாரம் பாயின்ட்டர்லயோ ரிக்கர்ஷன்லயோ மாட்டும்போது பக்கத்துல யாரும் இல்லன்னா அப்படியே விட்டுட்டு வேற ப்ளேலிஸ்ட்டுக்கு போயிருவாங்க, அது அப்படியே தொடரும், எட்டு மாசம் கழிச்சு பாத்தா எட்டு கோர்ஸ் பாதி பாதி. ரெண்டாவது செலவு, வீட்டுல வர்ற பேச்சு. "இன்னும் என்னதான்டா படிக்கிற"ன்னு கல்யாண வீட்டுல நாலு பேரு கேக்கும்போது மனசு கெட்டு போகும், பொம்பளப் புள்ளைங்களுக்கு அதுகூட இல்ல, நேரா மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுருவாங்க. இதை சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, நல்லா படிச்சுட்டு இருந்த புள்ளைங்க இதனாலயே நிறுத்துறதை பாத்துருக்கேன். அதனால இந்த வழி போறவங்க வீட்டுல முன்னாடியே ஒரு தேதி சொல்லிட்டு ஆரம்பிங்க, கூட படிக்க ஒருத்தரை சேத்துக்கங்க. மூணாவது செலவு, எட்டு மாசம் கழிச்சும் காட்டுறதுக்கு ஒரு ப்ராஜெக்ட் இல்லாம வெறும் கணக்கா போட்டுட்டு இருந்தா முதல் கட்டத்துலயே ரெஸ்யூமே தள்ளுபடி ஆகும். நாலாவது மாசத்துல இருந்து சின்னதா ஏதாவது ஒண்ணு, உங்க தெரு பலசரக்கு கடைக்கு கடன் நோட்டு மாதிரி, எழுத ஆரம்பிச்சுருங்க.

## வழி 3: கெடைக்குற வேலைல சேந்துட்டு, சாயங்காலம் அடிப்படை

இலந்தைகுளம், வடபழஞ்சி எல்காட் ஐடி பார்க்குல இருக்குற கம்பெனியா இருக்கலாம், ஊருக்குள்ள பத்து பேரு வேலை பாக்குற வெப்சைட் கம்பெனியா இருக்கலாம், சப்போர்ட், டெஸ்டிங், டேட்டா வேலைன்னு ஏதோ ஒண்ணு. வீடு மூணு மாசத்துக்கு மேல தாங்காதுன்னா இதுதான் சரியான வழி, இதுல எந்த தாழ்வும் இல்ல. சம்பளம் வருது, ஆபீஸ் பழகுது, மெயில் எழுத வருது, உண்மையான சிஸ்டம் எப்படி ஓடுது எங்க உடையுதுன்னு கண்ணால பாக்குறீங்க. சப்போர்ட்ல இருந்து வந்த சிலருக்கு லாக் (சிஸ்டம் தானா எழுதி வைக்கிற குறிப்பு) படிச்சு பிரச்சனைய புடிக்கிற தெறமை வேற யாருக்கும் இல்லாத அளவுக்கு இருக்கும்.

மறைஞ்சிருக்குற செலவு: பாண்டு. ரெண்டு வருஷம் விட்டுட்டு போக கூடாதுன்னு கையெழுத்து வாங்குறாங்கன்னா எவ்வளவு பணம், ஒரிஜினல் சர்டிபிகேட் கேக்குறாங்களா, இதெல்லாம் படிச்சு பாத்துட்டு போடுங்க. ஒரிஜினல் கேட்டா குடுக்காதீங்க. அடுத்தது நைட் ஷிப்ட். அமெரிக்கா நேரத்துக்கு வேலை பாத்துட்டு விடியக்காலம் வந்து படுத்தா படிப்பு எங்க வரும். மூணாவது, ஒரே கருவில ஒரே வேலைய ரெண்டு வருஷம் பாத்துட்டா ரெஸ்யூமேல "ரெண்டு வருஷ அனுபவம்"னு இருக்கும், ஆனா வெளிய போய் உக்காந்தா ஃபிரெஷர் கேள்விக்கே பதில் வராது. அதனால இந்த வழி போறவங்க வாரத்துக்கு ஆறு மணி நேரமாவது, சனி ஞாயிறாவது, அந்த லிஸ்ட்டுக்குன்னு ஒதுக்கலன்னா இது வழியே இல்ல, வெறும் வேலை மட்டும்தான்.

## ஒரே பார்வைல

| பாக்க வேண்டியது | ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் | அடிப்படை முதல்ல | வேலை + அடிப்படை |
|---|---|---|---|
| வீடு தாங்க வேண்டிய காலம் | 6 மாசம் + வேலை தேடுற நேரம் | 8ல இருந்து 12 மாசம் | வேலை கெடைக்குற வரைக்கும்தான் |
| கைக்காசு | அதிகம், ஜிஎஸ்டி தனி | ரொம்ப குறைவு | செலவு இல்ல, வரவு உண்டு |
| இன்டர்வியூ | ப்ராஜெக்ட் கேள்வி வரைக்கும் நல்லா போகும் | எழுத்து தேர்வு, யோசிக்கிற கேள்வி நல்லா போகும் | அனுபவம் கைகுடுக்கும், படிச்சிருந்தா மட்டும் |
| பிரச்சனைய கண்டுபிடிக்கிறது | பலவீனம் | பலம் | மெதுவா வரும், ஆனா ஆழமா வரும் |
| 5 வருஷம் கழிச்சு | திரும்ப படிக்கணும் | மேல மேல கட்டலாம் | சாயங்கால படிப்பை பொறுத்தது |
| பெரிய ஆபத்து | இஎம்ஐ, மேலோட்டமான படிப்பு | பாதில விடுறது | தேங்கி போறது |

எம்சிஏ பத்தியும் கேக்குறாங்க. 2020ல இருந்து அது ரெண்டு வருஷப் படிப்புதான். கணக்குல ஆர்வம் இருந்து வீடும் தாங்கும்னா நல்லது, சும்மா தள்ளி போடுறதுக்கு சேராதீங்க.

## ஏஐ எழுதிருதே, பின்ன எதுக்கு?

2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுல இருந்து இதுதான் அடுத்த கேள்வி. நானும் தெனம் பயன்படுத்துறேன், நல்ல வேகம். ஆனா அது எழுதி குடுக்குற கோடு பாக்க அவ்வளவு அழகா இருக்கும், அதுதான் ஆபத்தே. பில் லிஸ்ட் காட்டுற பக்கத்தை எழுத சொன்னா, 200 பில்லை டேட்டாபேஸ்கிட்ட ஒரே கேள்வில (க்வெரி) எடுத்துட்டு ஒவ்வொரு பில்லுக்கும் கஸ்டமர் பேரை தனித்தனியா டேட்டாபேஸ்ல கேக்குற மாதிரி எழுதிரலாம், அப்ப மொத்தம் 201 கேள்வி. ஒண்ணுக்கு 5 மில்லிசெகண்டுன்னு வச்சாலே ஒரு செகண்ட் போயிருச்சு, பத்து பேரு ஒரே நேரத்துல தெறந்தா கேக்கவே வேணாம். ஒரு ஜாயின் போட்டா ஒரே கேள்வில முடியும். அதைப் பாத்து "இது எதுக்கு இத்தன தடவ போய் கேக்குது"ன்னு கேக்குற ஆளுக்குத்தான் இனிமே சம்பளம். வெறுமன கோடு தட்டுற வேலை குறைய குறைய, படிச்சு பாத்து தப்பு சொல்ற வேலைதான் மிஞ்சும், அதுக்கு அந்த பழைய லிஸ்ட்தான் வேணும்.

## யாருக்கு எது

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சு டேட்டா ஸ்ட்ரக்சர் ஓரளவு ஞாபகம் இருந்தா கோர்ஸ்ல சேரலாம், ஆனா அடிப்படைய ரெண்டு மாசம் தூசி தட்டிட்டு சேருங்க. மெக்கானிக்கல், சிவில், காமர்ஸ்ல இருந்து வர்றவங்க நேரா ஃபுல் ஸ்டாக் கோர்ஸுக்கு போகாதீங்கன்னு கெஞ்சியே கேட்டுக்குவேன். அந்த ஆறு மாசத்துல கோடு காப்பி பண்ண மட்டும்தான் வரும், மூணு மாசமாவது ஒரே மொழில உக்காந்துட்டு போங்க. வீடு தாங்காதவங்க வேலைல சேருங்க, ஷிப்ட் எதுன்னு கேட்டுட்டு சேருங்க. ஏற்கனவே ரெண்டு மூணு வருஷ அனுபவம் இருந்து தேங்கிட்டோம்னு தோணுறவங்களுக்கு புது ஃபிரேம்வொர்க் கோர்ஸ் வேணாம், டேட்டாபேஸ்ல ஆரம்பிங்க. உங்க ஆபீஸ்லயே மெதுவா ஓடுற ஒரு ரிப்போர்ட்டை எடுத்து அது ஏன் மெதுவா ஓடுதுன்னு தோண்டுங்க, எக்ஸ்ப்ளெயின் (EXPLAIN, டேட்டாபேஸ் எப்படி தேடுதுன்னு காட்டுற கட்டளை) போட்டு இண்டெக்ஸ் இருக்கான்னு பாருங்க. வரிசையா அடுக்குன பத்து லட்சம் பதிவுல பாதி பாதியா வெட்டி தேடுனா 20 படில கெடைச்சுரும்ங்குற அந்த காலேஜ் பாடம் அங்க உயிரோட இருக்குறதை பாப்பீங்க.

கோர்ஸ்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு டெமோ கிளாஸ்ல முழுசா உக்காருங்க. ஆசிரியரு கோடை எழுதிக்கிட்டே போறாரா, இல்ல பாதில நிறுத்தி "இந்த வரிய எடுத்துட்டா என்ன ஆகும்"னு கேக்குறாரான்னு பாருங்க. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் எத்தன வாரம்னு கேளுங்க. போன தடவ முடிச்ச ரெண்டு பேரு நம்பரை வாங்கி நீங்களே பேசுங்க. பாதில நின்னா பணம் எவ்வளவு திரும்ப வரும்ங்குறதை வாய்ல சொல்ல விடாதீங்க, ரசீதுலயே எழுதி வாங்கிக்கங்க.